மைலோ டின்

தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தரம் கேட்டேன். பாட்டியின் அடக்க ஆராதனையை மெல்போர்னில் இருந்தே போனில் பார்த்தாயாம். பாஸ்டர் ஐயா பிடி அரிசிக் காணிக்கையைப் பற்றிச் சொன்ன இடத்தில் அழுதுவிட்டாயாம். வர முடியவில்லையே என்று இனியும் புலம்பாதே. அடக்கத்துக்கு வராதவர்களைப் பாட்டி கோபித்ததே இல்லை. வந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களைத்தான் திட்டுவாள்.

ஆனால் அந்த அரிசிக் கதையை அவர் சொன்னபடியே உன் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவாயோ என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் சொன்னது பாதிக் கதை. அவர் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, அவருக்கு எப்படித் தெரியும்?

உலை வைக்கும்போதெல்லாம் பாட்டி ஒரு பிடி அரிசியை மைலோ டின்னில் போடுவாளே, நீயே பார்த்திருக்கிறாய். மாதக் கடைசி ஞாயிறு அது கோயிலுக்குப் போகும். அங்கிருந்து எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்வாள். கமிட்டிக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் என்ன, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அட்டையில் 555 என்று போட்ட அவளுடைய குட்டி நோட்டில்தான் இருந்தது. அந்த நோட்டுகள் முப்பத்தெட்டு இப்போது என் அலமாரியில் இருக்கின்றன. பிள்ளை பெற்றவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், புருஷன் குடிப்பவர்கள், கோயில் அண்டாவை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில். ஜெபம் எது, கடன் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

1971 ஜனவரி வெள்ளம் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கோலாலம்பூரே தண்ணீரில் கிடந்தது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். தாத்தா வேலை விஷயமாக செந்தூலில் மாட்டிக்கொண்டார். பாட்டி யாரையும் கேட்கவில்லை. கோயில் சாவியை எடுத்துப்போய்த் திறந்துவிட்டு, ஆற்றோரத்து ஜனங்களை உள்ளே வரச் சொன்னாள். சீனக் குடும்பங்களும் வந்தன. டின்னில் இருந்த காணிக்கை அரிசியைக் கொட்டிக் கஞ்சி காய்ச்சினாள். தொட்டுக்கொள்ள நெத்திலி. பெஞ்சுகளெல்லாம் சேறு. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பெரியவர் வந்து, "யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" என்றார். பாட்டி துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். அவர் அரை மணி நேரம் கூட்டினார்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் என் ஸ்கூல் புத்தகமெல்லாம் நனைந்து போனது, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் பனடால் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக் காய்ச்சலைப் பார்க்கப் போய்விடுவாள். ஊருக்கெல்லாம் அம்மா என்று அன்றைக்கு மைக்கில் ஆளாளுக்குச் சொன்னார்களே, அதைக் கேட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் முகத்தைக் கேமரா காட்டியதா?

சரி, அரிசிக்கு வருகிறேன். ஊரடங்கில், 2020-ல், கோயில் பூட்டிக் கிடந்ததே, அப்போதுதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு, என் போன் முன்னால் உட்கார்ந்து ஆராதனை பார்த்தாள். அது முடிந்ததும் சமையலறைக்குப் போய் டின்னில் ஒரு பிடி போட்டாள். "கோயிலே இல்ல, இது யாருக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணனுக்கு" என்றாள்.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது, தம்பி. அவள் 1929-ல் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில், 1943-ல், அந்த அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள். பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் பாதை. மூன்று மாத வேலை, முடிந்ததும் வீடு என்று சொன்னார்களாம். தோட்டத்தில் அப்போது அரிசிக்குப் பஞ்சம், மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அரிசி கொஞ்சம் கண்ணில் படும் நாளெல்லாம், அவளுடைய அம்மா ஒரு பிடி எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைப்பாளாம். மகன் வந்து இறங்கும் அன்றைக்குச் சோறாக்கிப் போட.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் புண்ணுமாகத் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. கலயத்து அரிசியை வீட்டில் யாரும் தொடவில்லை. வண்டு வைத்துவிடும் என்று பாட்டிதான் அதைப் புடைத்து, தோட்டத்துக்கு மாதம் ஒரு தடவை வரும் உபதேசியார் கையில் கொடுத்தாளாம். "அப்புறம் நிறுத்த முடியல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மீன் கழுவப் போய்விட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். டின்னில் இப்போது பாதிக்கு அரிசி இருக்கிறது, வண்டு வைத்துவிட்டது. புடைத்து வைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு கொண்டுபோகிறேன். உன் பெண்டாட்டி கேட்ட அச்சுமுறுக்கு அச்சைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன், எண்ணெய் தடவி வைக்கச் சொல்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நவம்பரில் கோயிலில் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள் அல்லவா? பாட்டி வருஷா வருஷம் அந்தப் பட்டியலை எழுதிக் கொடுப்பாள். தாத்தா, தாத்தாவின் தம்பிகள், குவாட்டர்ஸில் யாருமில்லாமல் செத்த கிழவர்கள் வரை அதில் இருப்பார்கள். எல்லா நோட்டையும் பார்த்துவிட்டேன். அண்ணன் பெயர் ஒரு வருஷம்கூட இல்லை. இந்த முறை எழுதப்போவது நான். பாட்டியின் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் எழுதலாமா, கூடாதா? ஞாயிறு ராத்திரி போன் பண்ணுவாயே, அப்போது சொல்.

உன்
அம்மா