ஸ்க்வாலேன் எதிலிருந்து வந்தது என்று பாட்டிலில் எழுதுங்கள்

முகப்பூச்சு, சீரம், ஈரல் எண்ணெய் காப்ஸ்யூல் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் சீரம் பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். தண்ணீர், கிளிசரின் எல்லாம் தாண்டிக் கீழே வந்தால் பல பாட்டில்களில் ஸ்க்வாலேன் என்று ஒரு பெயர். தோலில் பூசுவதற்கான ஒரு எண்ணெய் அது. அது ஆலிவிலிருந்து எடுத்ததா, கரும்பிலிருந்து செய்ததா, சுறாவின் ஈரலில் காய்ச்சியதா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. மூன்றுக்கும் ஒரே பெயர்தான். தாவரத்திலிருந்து எடுத்தது என்று தாங்களாகவே அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதம் இல்லை. மற்றவர்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான்: எதிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

நாம் சந்தையில் புட்டுக்கு வாங்கும் பால்சுறா கரையோரத்து மீன். அதைப் பற்றி நான் பேசவில்லை. இந்த எண்ணெய்க்காகத் தேடிப் பிடிக்கப்படுவதில் முக்கியமானது கல்பர் சுறா, அறிவியல் பெயரில் சென்ட்ரோஃபோரஸ். கண்டத்திட்டு முடிந்து கடலடி சரிந்து இறங்கும் இடத்தில், பெரும்பாலும் 300 மீட்டருக்கும் கீழே இருக்கும். சில இனங்கள் 1,000 மீட்டரையும் தாண்டிப் போகும். சுமார் ஒரு மீட்டர் நீளம், சாம்பலோ பழுப்போ நிறம். முதுகில் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள். ஆசனத் துடுப்பு கிடையாது. கீழ்வரிசைப் பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கத்தி விளிம்பாக நிற்கும். கண் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. படகில் தூக்கிப் போட்டதும் விளக்கு வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். பூனைக்கு இருப்பதுபோல விழித்திரைக்குப் பின்னால் ஒரு படலம் இதற்கும் உண்டு. உள்ளே வந்த சொற்ப வெளிச்சத்தை அது இன்னொரு முறை விழித்திரைக்கே திருப்பிவிடும்.

இனி ஈரலுக்கு வருகிறேன். வயிற்றைக் கீறினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். வெளிறிய மஞ்சளில் இரண்டு நீண்ட மடல்கள், தொண்டைப் பக்கத்தில் தொடங்கி வால் பக்கம் வரை. குடலும் இரைப்பையும் அதற்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும். மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு வரைகூட ஈரலே இருக்கும். அவ்வளவு எண்ணெய் எதற்கு? மற்ற மீன்கள் பலவற்றுக்கு மிதக்கக் காற்றுப்பை இருக்கிறது, சுறாவுக்கு இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஆழத்தில் காற்றுப்பை பெரிய சங்கடம்தான். 500 மீட்டரில் அழுத்தம் நம் தலைமேல் இருப்பதைப்போல் 50 மடங்கு. பையில் உள்ள வாயு நசுங்கிவிடும், மேலே வந்தால் உப்பும். எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த ஈரல் எண்ணெயில் நிறைந்திருப்பது ஸ்க்வாலீன், ஸ்க்வாலேனுக்கு மூலப்பொருள். அதன் அடர்த்தி 0.86, கடல்நீருக்கு 1.03. கனமான தசையும் தோலும் கீழே இழுக்க, ஈரல் மேலே தூக்க, துடுப்பை அதிகம் அசைக்காமலே இந்தச் சுறா நடுவில் நிற்கிறது. இரை எப்போதாவது கிடைக்கும் இடத்தில் நீந்துவதற்குச் செலவிடும் சக்தி மிச்சம்.

இந்த ஸ்க்வாலீனை 1906-ல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ சுறா ஈரல் எண்ணெயில் கண்டார். நம் தோலில் சுரக்கும் எண்ணெயிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். அதனால்தான் முகத்தில் பூசினால் பிசுபிசுக்காமல் ஒட்டிக்கொள்கிறது. காற்றுப்பட்டுக் கெடாமல் இருக்க ஹைட்ரஜன் ஏற்றினால் ஸ்க்வாலேன். உங்கள் தொழில் நுட்பத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை, இந்த மீன் பெருகும் வேகத்தைக் கணக்கில் எடுக்காததில். முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, மஞ்சள் கருவைத் தின்று குட்டி வளரும். பல இனங்களில் ஒரு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான், சினைக்காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பெண் பருவத்துக்கு வரவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். இலை போன்ற செதில் கொண்ட ஓர் இனத்தில் 70 வயதுச் சுறாவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. மத்தி, நெத்திலியைப் பிடிக்கிற நினைப்பில் இதைப் பிடித்தால் என்ன ஆகும் என்று மாலத்தீவைப் பார்த்தால் தெரியும். 1980களில் அங்கே ஈரல் எண்ணெய்க்காக ஆழ்கடல் சுறாப் பிடிப்பு சூடுபிடித்தது, எண்ணெய் ஜப்பானுக்குப் போனது. இருபது ஆண்டுக்குள் தொழிலே படுத்துவிட்டது. 2010-ல் அந்த நாடு எல்லாச் சுறாப் பிடிப்பையும் தடை செய்தது.

நம் பக்கத்திலும் நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் ஆழ்கடல் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் சுறாவில் நிறைய அவர்கள் கைபட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வாரக்கணக்கில் கடலில் கிடந்து, ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குக் கயிறு இறக்கித் தூண்டில் போடுகிறவர், விலை போகிற மீனைத்தான் பிடிப்பார். ஈரலுக்கு விலை வைக்கிற சங்கிலியின் கடைசிக் கண்ணி நீங்கள்.

மாற்று இல்லை என்று சொல்ல முடியாது. ஆலிவ் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கழிவில் ஸ்க்வாலீன் இருக்கிறது. கரும்புச் சர்க்கரையை ஈஸ்ட்டுக்குக் கொடுத்து ஃபார்னெசீன் என்ற சேர்மத்தை எடுத்து, அதிலிருந்து ஸ்க்வாலேன் செய்கிறார்கள். தண்டுக்கீரை இனத்து விதை எண்ணெயிலும் நல்ல அளவு உண்டு. 2008-லேயே யூனிலீவரும் லோரியலும் சுறா ஸ்க்வாலீனைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டன. சரி, உங்களுக்குச் சரக்கு தருகிறவர் ஆலிவ் என்று சொல்லிச் சுறாவைக் கலந்துவிட்டால்? கார்பன் ஐசோடோப் விகிதத்தை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனையை ஒவ்வொரு லாட்டுக்கும் செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

காப்ஸ்யூல்காரர்கள் ஒரு விதத்தில் நேர்மையானவர்கள், சுறா ஈரல் எண்ணெய் என்று முகப்பிலேயே போடுகிறார்கள். எந்தச் சுறா, எந்தக் கடல் என்பதையும் அவர்கள் சேர்க்க வேண்டும். முகப்பூச்சுக்காரர்களிடம்தான் மௌனம். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி தேடுகிற வீட்டில், தெரியாமல் தினமும் சுறா ஈரலைக் கன்னத்தில் தடவிக்கொண்டிருக்கலாம். மீன் தின்கிற எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

அடுத்த அச்சுக்கு லேபிள் போகும்போது இதைச் சேர்த்துவிடுங்கள். கேட்டு எழுதுகிறவர்களுக்கு "இயற்கையானது" என்று மட்டும் பதில் அனுப்ப வேண்டாம். சுறாவும் இயற்கைதான்.

இப்படிக்கு,
லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்கும் ஒரு வாடிக்கையாளர்