திட்டத்தை எங்களிடமும் சொல்லுங்கள்: கொள்ளைக் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கொள்ளைப் படங்களும் திருட்டுத் தொடர்களும் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். பழைய குற்றப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற ஒரு ரசிகன் எழுதுகிறேன். உங்கள் புதிய கதைகளையும் விடுவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் கதைகள் வரவர ஒரே தடத்தில் போகின்றன. கூட்டம் சேர்கிறது, மேஜைமேல் வரைபடம் விரிகிறது, தலைவன் திட்டத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறான். அங்கே காட்சியை வெட்டிவிடுகிறீர்கள். அப்புறம் கொள்ளை நடக்கிறது, எல்லாம் சொதப்புகிறது, போலீஸ் சூழ்ந்துகொள்கிறது. இனித் தப்பவே முடியாது என்ற கட்டத்தில் 'மூன்று நாட்களுக்கு முன்பு' என்று ஒரு ஃப்ளாஷ்பேக். சொதப்பியதே திட்டத்தில் ஒரு பகுதிதானாம். கைது செய்த இன்ஸ்பெக்டரே இவர்கள் ஆளாம். முதல் தடவை கைதட்டினோம். இப்போது தலைவன் கையில் விலங்கு மாட்டும்போதே, எதையோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடுகிறது. பதறுவதற்கு என்ன இருக்கிறது? போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுகிறோம்.

1955-ல் வந்த 'ரிஃபிஃபி'யை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை ஒதுக்கிவைத்த ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் பெயர் விழுந்ததால் அங்கே வேலை கிடைக்காமல் போன ஜூல்ஸ் டாஸின், பிரான்சில் குறைந்த செலவில் எடுத்த படம். பாரிசில் ஒரு நகைக்கடை, நான்கு திருடர்கள். கொள்ளைக் காட்சி ஏறக்குறைய அரை மணி நேரம். அதில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, பின்னணி இசையும் கிடையாது. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆரிக், இசையோடும் இசை இல்லாமலும் காட்சியைப் பார்த்துவிட்டு, இசை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பேச்சும் இசையும் இல்லாமல் அரை மணி நேரம் எப்படித் தாங்குகிறது? முன்பே எல்லாவற்றையும் நமக்குச் சொல்லிவிட்டார்கள், அதனால்தான். கடையில் இருக்கும் அதே மாதிரி அலாரம் ஒன்றை வாங்கி வந்து, அதன் முன்னால் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறார்கள். சின்ன அதிர்வுக்கும் அது அலறும். தீயணைக்கும் கருவியின் நுரையை உள்ளே அடைத்தால் ஊமையாகிவிடும். இது அவர்களுக்குத் தெரியும்போதே நமக்கும் தெரிந்துவிடுகிறது. அன்றிரவு மேல்மாடி வீட்டுத் தரையில் உளி வைக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் நம் வயிறு கலங்குகிறது. தரையில் சிறு துளை விழுந்ததும், மடக்கிய குடையை அதன் வழியே கீழே இறக்கி அந்தப் பக்கம் விரிக்கிறார்கள். துளையைப் பெரிதாக்கும்போது உதிரும் காரைத் துண்டுகள் கடைத் தரையில் விழாமல் குடைக்குள்ளேயே சேர்கின்றன. கன்னம் வைப்பதில் இவ்வளவு பொறுமையை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அந்தக் குடையைக் கடைசியில் ஒரு ஃப்ளாஷ்பேக்கில் காட்டியிருந்தால் 'அட' என்று ஒரு நொடி வியந்திருப்போம், அவ்வளவுதான்.

அதே டாஸின் 1964-ல் 'டாப்காப்பி' எடுத்தார். இஸ்தான்புல் அரண்மனை, மரகதம் பதித்த கத்தி, கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் திருடன். நடிகர் பீட்டர் உஸ்டினோவுக்கு அதில் ஆஸ்கர் கிடைத்தது. பாதிப் படம் எனக்கு இழுவைதான். ஆனால் தரையில் கால் பட்டால் அலாரம் அடிக்கும் என்று தெரிந்துகொண்டு அந்தக் கயிற்றைப் பார்ப்பது இருக்கிறதே!

காலத்தை முன்னும் பின்னும் புரட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இயக்குநர் குப்ரிக் 1956-ல் 'தி கில்லிங்' படத்தில் அதைத்தான் செய்தார். குதிரைப் பந்தய மைதானக் கொள்ளை, ஒவ்வொரு ஆளுக்காகவும் கதை பின்னால் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் நமக்குத் தெரிந்தது கூடுகிறது. உங்கள் ஃப்ளாஷ்பேக்குகளோ, அதுவரை பார்த்ததெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டுப் போகின்றன. 'தி கில்லிங்' முடிவிலோ எல்லாம் கண்ணெதிரேதான். பணத்தை அடைத்த பெட்டியின் பூட்டு சரியில்லை என்று தெரியும். பெட்டி பெரிதாக இருப்பதால் விமானத்துக்குள் கையோடு கொண்டுபோக விடமாட்டேன் என்கிறார்கள், அதுவும் தெரியும். சாமான் வண்டிக்குக் குறுக்கே ஒரு நாய்க்குட்டி ஓடுகிறது. பெட்டி விழுந்து திறக்க, விமான விசிறிக் காற்றில் நோட்டெல்லாம் பறக்கிறது.

அக்கால அமெரிக்கப் படங்களில் திருடன் கடைசியில் தோற்றே ஆக வேண்டும். 1934 முதல் 1968 வரை நடப்பில் இருந்த தணிக்கை விதி அப்படி. பூட்டை உடைப்பதை விலாவாரியாகக் காட்டவும் அது தடை சொன்னது. பல படங்களில் அந்தத் தண்டனை ஒட்டவைத்ததுபோலத் தெரியும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1950-ல் வந்த 'தி ஆஸ்பால்ட் ஜங்கிள்' படத்தில் மூளைக்காரக் கிழவர் பிடிபடும் விதத்தைப் பாருங்கள். தப்பிக்க நேரம் இருந்தும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியின் பாட்டுக்கு ஒரு இளம்பெண் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வெளியே போலீஸ் வந்து நிற்கிறது. விதி கட்டாயப்படுத்திய முடிவைக்கூட அந்த மனிதரின் சபலத்திலிருந்து கறந்திருக்கிறார்கள்.

நீங்கள் 'தி ஸ்டிங்' படத்தைத் தூக்கிக் காட்டுவீர்கள் என்று தெரியும். 1973-ல் வந்தது, ஏழு ஆஸ்கர் வாங்கியது, கடைசியில் நம்மையும்தான் ஏமாற்றியது. சரி. அது ஏமாற்றுக்காரர்களின் கதை. ஏமாறுகிறவன் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் நம்மையும் உட்காரவைத்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பெரிய நாடகம் எப்படிக் கட்டப்படுகிறது, பொய்யான பந்தயக் கடைக்கு ஆளும் சாமானும் எப்படி வந்து சேர்கின்றன என்று படம் முழுக்கக் காட்டியபிறகே ஒரே ஒரு சீட்டை மறைத்தார்கள். நீங்கள் சீட்டுக்கட்டையே மறைக்கிறீர்கள்.

தொலைக்காட்சிக்கு வருவோம். 1966 முதல் 1973 வரை ஏழு சீசன் ஓடிய 'மிஷன்: இம்பாசிபிள்' பாதித் திட்டத்தைத்தான் சொல்லும். தலைவர் வீட்டில் குழு கூடும்போது முகமூடி, குட்டி மோட்டார், பொய்ப் பத்திரம் எல்லாம் நம் கண்ணில் படும். எதை எங்கே பயன்படுத்துவார்கள் என்று சொல்லமாட்டார்கள். விடுகதைபோல நாம் ஊகித்துக்கொண்டே போகலாம், ஒவ்வொரு பொருளும் தன் வேலையைச் செய்யும். பாத்திரங்களின் சோகக் கதை, பிரிந்துபோன மனைவி, இதெல்லாம் அநேகமாகக் கிடையாது. எனக்கு அது பெரிய நிம்மதி.

கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளர் வரும் 'கொலம்போ' தொடர் இன்னும் ஒரு படி மேலே. கொலைகாரன் யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள். 1972-ல் வந்த ஒரு எபிசோடில் ஜான் கசவெடிஸ் இசைக்குழு நடத்துபவராக வருவார். கொலை செய்யும் இடத்தில் அவர் கோட்டில் குத்தியிருந்த பூ விழுந்துவிடுகிறது. நாம் பார்க்கிறோம், அவர் பார்க்கவில்லை. கச்சேரிக்குப் பின் அங்கே வந்து, எடுத்துக் குத்திக்கொள்கிறார். கச்சேரிப் படச்சுருளில் பூ இல்லை, கொலை நடந்த வீட்டிலிருந்து அவர் வெளியே வரும் செய்திப் படத்தில் பூ இருக்கிறது. மாட்டினார். எல்லாம் தெரிந்தும் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறோமே, அந்தப் பூ எப்போது கொலம்போ கண்ணில் படும் என்றுதான்.

இந்தக் காலத்து ரசிகருக்குப் பொறுமை இல்லை என்று உங்கள் தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். 1969-ல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' ஓர் ஆரவாரப் படம். மினி கார் துரத்தலைத் தவிர அதில் பெரிதாக எதுவும் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் முடிவில் கொள்ளையர் தப்பிப் போகும் பேருந்து மலை விளிம்பில் தொங்குகிறது. ஒரு முனையில் கொள்ளையடித்த தங்கம், மறு முனையில் ஆட்கள். அப்படியே படம் முடிகிறது. ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து, 2008-ல், பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, அந்தத் தங்கத்தை எப்படி வெளியே எடுப்பது என்று பொதுமக்களுக்கு ஒரு போட்டியே வைத்தது. தங்கம் எங்கே, ஆட்கள் எங்கே, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று எல்லாம் திரையில் இருந்ததால் ஜனங்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்பினார்கள். உங்கள் தொடரின் கடைசி எபிசோடை வைத்து யாராவது அப்படி ஒரு போட்டி நடத்த முடியுமா?

இப்படிக்கு,
ஒரு ரசிகன்