1:24ன்னு சொல்லி வித்த டால் ஹவுஸ் ஃபர்னிச்சர் செட் – புகார்

பெறுநர்: கஸ்டமர் கேர் மற்றும் குறைதீர்ப்பு அதிகாரி
பொருள்: ஸ்கேல் தப்பா வந்த செட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டு முழு பணமும் தரணும்

வணக்கம் சார் / மேடம்,

உங்க சைட்ல "1:24 டால் ஹவுஸ் மர ஃபர்னிச்சர், ஹால், பெட்ரூம், கிச்சன் முழு செட்"னு போட்டிருந்ததை நம்பி முன்பணம் கட்டி வாங்கினேன். 1:24ன்னா நிஜ சாமானோட அளவுல 24ல ஒரு பங்கு. வந்ததுல சேரைத் தவிர முக்கியமான சாமான் எதுவுமே 1:24 இல்ல. சாட்ல கேட்டா "ஸ்கேல் எல்லாம் தோராயம்தான் மேம், 1-2 செ.மீ. முன்ன பின்ன இருக்கும்"னு ஒரு பதிலைப் போட்டு புகாரையும் க்ளோஸ் பண்ணிட்டீங்க. அந்தப் பதிலை என்னால ஏத்துக்க முடியாது, ஏன்னு அளவோட எழுதுறேன், தயவு செஞ்சு முழுசா படிங்க.

எங்க அப்பா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல கார்ப்பென்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய டீ பெட்டி பிளைவுட்டை அறுத்து என் பொண்ணுக்குன்னு அவரே கட்டிக் குடுத்த பொம்மை வீட்டுக்குத்தான் இந்த செட்டை வாங்கினேன், தகரக் கூரை, கண்ணாடி ஜன்னல், ஃபயர் பிளேஸ் எல்லாம் வச்சு நம்ம ஊர்ப் பழைய வீடு மாதிரியே இருக்கும். அலமாரித் தட்டுல வைக்கற சைஸ்ல இருக்கணும்னுதான் 1:24 எடுத்தோம், அதாவது நிஜத்துல ஒரு அடின்னா இங்க அரை இன்ச். பெட்ரூம் 7க்கு 6 இன்ச், நிஜத்துல 14க்கு 12 அடி ரூம். சீலிங் 5 இன்ச், பத்தடி. கதவு மூணேகால் இன்ச், ஆறரை அடி. அம்மா பொம்மை ரெண்டரை இன்ச், அஞ்சடி பொம்பள. எல்லாமே ஒரே கணக்குல போட்டது, அப்பா ஸ்கேலை வச்சு பென்சில்ல கோடு போட்டுத்தான் ஒவ்வொரு பலகையும் அறுத்தாரு.

இப்ப உங்க டைனிங் டேபிளை எடுத்துக்கங்க. நிஜ டேபிள் சுமார் 30 இன்ச் உயரம், 1:24ல அது ஒண்ணேகால் இன்ச் வரணும். நீங்க அனுப்பினது ரெண்டரை இன்ச். அது 1:12 டேபிள், அதாவது ஒரு அடிக்கு ஒரு இன்ச் கணக்கு, 1:24ஐப் போல ரெண்டு மடங்கு. அம்மா பொம்மையைப் பக்கத்துல நிறுத்தினா உச்சந்தலையும் டேபிள் மேல்பலகையும் ஒரே மட்டத்துல இருக்கு. ஆனா கூட வந்த சேர் மட்டும் சரியான 1:24, உட்கார்ற இடம் முக்கால் இன்ச், அதுல பொம்மையை உட்கார வச்சா டேபிள் அவ தலைக்கு மேல போயிடுது. ஒரே டப்பால ஒரே பேர்ல வந்த டேபிளும் சேரும் இது.

கட்டில் ஆறரை இன்ச் நீளம், 1:24ல கணக்குப் பண்ணா பதிமூணு அடிக் கட்டில். ஏழு இன்ச் சுவர்ல போட்டா அரை இன்ச்தான் மிச்சம், கதவைத் திறந்தா கட்டில்ல இடிக்குது. பீரோ இன்னும் மோசம், நாலரை இன்ச் உயரம், ஆறடி பீரோ 1:24ல மூணு இன்ச் இருக்கணும், இது 1:12ம் இல்ல 1:24ம் இல்ல, வகுத்துப் பாத்தா 1:16 வருது. காபி கப்பு கால் இன்ச், பொம்மை கையில வச்சா சொம்பு மாதிரி இருக்கு.

அப்பா "டேபிள் காலை அறுத்து சின்னதாக்கித் தரேன்மா"ன்னு எடுத்துப் பாத்தாரு, பாத்துட்டு திரும்ப வச்சுட்டாரு. காலை அறுத்தா உயரம் சரியாகும், மேல்பலகையை என்ன பண்றது? அது 5 மி.மீ. பருமன், 24ஆல பெருக்கினா 12 செ.மீ., அவ்வளவு தடிப் பலகையில யார் வீட்ல டைனிங் டேபிள் செய்றாங்க? நிஜத்துல ஒரு இன்ச் பலகைன்னா 1:24ல ஒரு மி.மீ.தான். பாதி ஸ்கேல்னா உயரம் மட்டும் பாதி இல்லீங்க, நீளம், அகலம், உயரம் மூணுமே பாதி, அதனால 1:12 சாமான் ஒண்ணு 1:24 சாமானைப் போல எட்டு மடங்கு இடத்தை அடைக்கும். சின்ன வீட்டுக்கு சாமான் தேடறவங்க ஸ்கேலைப் பாத்து பாத்து வாங்கறது இதுக்குத்தான்.

அந்த "1-2 செ.மீ. முன்ன பின்ன" விஷயத்துக்கு வரேன். சோபாவோ சட்டையோ விக்கறப்ப அது சின்ன வித்தியாசமா இருக்கலாம். 1:24ல ஒரு செ.மீ.ன்னா நிஜத்துல 24 செ.மீ., ரெண்டு செ.மீ.ன்னா 48. சேர்ல உட்கார்ற இடத்தோட மொத்த உயரமே 1:24ல 19 மி.மீ.தான், நீங்க சின்ன வித்தியாசம்னு சொல்ற ரெண்டு செ.மீ. அந்த உயரத்தை விடவே அதிகம். இந்த வரியை எல்லா சாமானுக்கும் காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருக்கீங்கன்னு நல்லா தெரியுது, மினியேச்சர் விக்கற பக்கத்துலேர்ந்து அதை முதல்ல எடுங்க.

நான் எல்லாத்துலயும் நூலு பிடிக்கறவ இல்ல. கார்பெட், பூந்தொட்டி, போட்டோ ஃப்ரேம், கூடை இதெல்லாம் நிஜ வீட்லயே பெருசு சிறுசா பல சைஸ்ல இருக்கும், கொஞ்சம் மாறினா கண்ணுல படாது. ஆனா ஆள் உட்கார்றது, படுக்கறது, கையில பிடிக்கறது, நுழையறது, அதாவது சேர், கட்டில், கப்பு, கதவு, இதுல ஒண்ணு மாறினாலும் மொத்த ரூமும் பொய்யாத் தெரியும். இங்கிலாந்துல விண்ட்சர் கோட்டையில குயின் மேரியோட டால் ஹவுஸ் இருக்கு, 1924ல முடிச்சது, ராஷ்டிரபதி பவனை டிசைன் பண்ண எட்வின் லுட்யன்ஸ்தான் அதையும் பண்ணாரு, 1:12 ஸ்கேல். அதோட போட்டோ பாக்கறப்ப நிஜ அரண்மனை ரூமோன்னு தோணறது ஸ்கேலை விடாம பிடிச்சதாலதான். அவ்வளவு எல்லாம் நான் கேக்கல, போட்ட நம்பருக்கு ஏத்த சாமானைக் குடுங்கன்னுதான் கேக்கறேன்.

அதே பக்கத்துல கீழ "பார்பி உட்பட எல்லா பொம்மைக்கும் பொருந்தும்"னு வேற இருக்கு. பார்பி பதினொன்றரை இன்ச், 1:6 கணக்கு. 1:24 வீட்ல நிறுத்தினா 23 அடி ஆள். இந்த ரெண்டு வரியும் ஒரே சாமானுக்கு எப்படி உண்மையாகும்? போட்டோவும் அப்படித்தான், வெள்ளை பேக்ரவுண்ட்ல ஒவ்வொண்ணும் தனித்தனியா எடுத்திருக்கீங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலோ ஒரு ரூபா காயினோ இல்ல, அளவு மி.மீ.ல எங்கயும் இல்ல, பாக்கறவங்களுக்கு நம்பறதுக்கு இருக்கறது அந்த 1:24 ஒண்ணுதான்.

ரிட்டர்ன் கேட்டப்ப "உங்க பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்ல, நீங்களே செலவு பண்ணி அனுப்புங்க"ன்னு சொல்றீங்க. மேட்டுப்பாளையத்துலேர்ந்து மலையேறி வந்து டெலிவரி பண்ண முடிஞ்ச கூரியருக்கு அதே டப்பாவை எடுத்துட்டு இறங்க முடியாதா? மலையில இருக்கறவங்ககிட்ட ஆர்டர் எடுக்கறப்ப இந்தப் பின்கோடு பிரச்சனையா தெரியலையே.

நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள் 2020 படி விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கறவங்க மறுக்க முடியாது. புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். எனக்கு வேண்டியது முழு பணம், பிக்கப் உங்க செலவுல, சரியா இருக்கற சேரையும் சேத்தே எடுத்துக்கங்க, டேபிள் இல்லாம அது எனக்கு எதுக்கு. அந்தப் பக்கத்துல ஒவ்வொரு சாமானுக்கும் நீளம், அகலம், உயரம் மி.மீ.ல போடுங்க, சேர்னா உட்கார்ற உயரத்தையும் போடுங்க, பார்பி வரியை எடுங்க. நாளைக்கு இன்னொருத்தங்க குழந்தைக்கு ஆசையா வாங்கி டப்பாவைப் பிரிச்சுட்டு முழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு சாமானையும் ஸ்கேல் பக்கத்துல வச்சு எடுத்த போட்டோ, பில், சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இதோட இணைச்சிருக்கேன். விதியில சொன்ன நாளுக்குள்ள பதில் வரலைன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிட்டு, அப்புறம் ஊட்டியில மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல மனு குடுப்பேன். 2019 சட்டப்படி நான் இருக்கற ஊர்லயே குடுக்கலாம், உங்க ஆபீஸ் இருக்கற ஊருக்கு வர வேண்டியதில்ல.

பதிலை ஃபோன்ல வேண்டாம், மெயில்ல எழுத்துல அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்