பயத்தால் வந்த திக்குவாய் இல்லை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

"சின்ன வயசுல நாய் துரத்துச்சே, அந்தப் பயத்துலதான் எனக்குத் திக்குதாம்மா?" என்று போனில் கேட்டாய். இல்லை சாமி. நாய் துரத்தியது நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு. திக்கு அதற்கு முன்பே, மூன்றரை வயதிலேயே வந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் அது தொடங்கும். உன் தாத்தாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இன்றும் இருக்கிறது. பேச்சை மூளை நடத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு, பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. பெற்றோர் குறை சொல்வதால்தான் திக்கு வருகிறது என்று அமெரிக்காவில் வெண்டெல் ஜான்சன் என்ற பேச்சு ஆராய்ச்சியாளர் 1940களில் சொன்னார். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்களோ! பின்னால் வந்த ஆராய்ச்சியில் அது நிற்கவில்லை.

அதற்காக மனசுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவில் வாணவேடிக்கை பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாயே, அன்றைக்குத் திக்கியதுபோல் என்றைக்கும் திக்கியதில்லை. அது பயமா? அத்தனையும் சந்தோஷம். கன்றுக்குட்டியிடம் பேசும்போதோ ஒரு எழுத்துகூடத் தடுக்காது.

பயம் அப்புறம் வந்தது, திக்கு கொண்டுவந்தது. பாலக்காட்டில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் 'கொழிஞ்சாம்பாறை' என்று சொல்ல 'கொ' வராது. அதனால் காசு கூடப் போனாலும் வண்ணாமடைக்கு டிக்கெட் வாங்கி, நம் ஊரில் இறங்கிக்கொள்வாய். கண்டக்டர் நாலு சீட் தள்ளி இருக்கும்போதே உன் கழுத்து இறுகுவதைப் பார்த்திருக்கிறேன். இறுகினால் பேச்சு இன்னும் நிற்கும், நின்றால் அடுத்த தடவை இன்னும் பயம். வார்த்தையை மாற்றி மாற்றித் தப்பிக்கிறாயே, அதுதான் அந்தப் பயத்துக்குத் தீனி.

1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்கும் திக்கும். அதோடுதான் காலம் முழுக்க மேடையில் பேசினார்.

ஆபீஸ் மீட்டிங்கில் நீயே முதலில், "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிடு. மறைக்கிற பாரம் இறங்கினாலே பாதி இறுக்கம் தளரும். பேச்சுப் பயிற்சிக்கும் போ. பேச்சோடு இந்தப் பயத்தையும் சேர்த்துப் பார்க்கிற தெரபிஸ்ட்டாகத் தேடு. உனக்குத் துணை வேண்டுமென்றால் சொல், நானும் வருகிறேன். வேலந்தாவளம் வழியாக வரும் காலை பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் கோவை வந்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா