மாத்திரையை நிறுத்திவிடாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

"மாரு தொட முடியாம வலிக்குது, காலைல குமட்டுது, நின்னு போனது திரும்பச் சொட்டுச் சொட்டா வருது, இந்த மாத்திரையே வேண்டாம்னு நிறுத்திடட்டுமா ஆச்சி?" என்று கேட்டிருந்தாய். என்னைப் போலவே உனக்கும் 40 வயதுக்கு முன்னாலேயே மாதவிலக்கு நின்றுபோனதால், உடம்பில் குறைந்துபோன ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஈடுகட்ட டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. நிறுத்தாதே. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்றபோது நீ மறுக்காமல் சம்மதித்தாயே, அதில் எனக்கு ரொம்பப் பெருமை. நம் பக்கத்தில் இதை வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறவர்கள் எத்தனையோ பேர்.

உனக்கு இப்போது நடப்பது மாத்திரை ஒத்துக்கொள்ளாததற்கு அடையாளம் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கிடந்த உடம்புக்குள் அது மறுபடி வருகிறது. மார்புத் திசு விழித்துக்கொண்டு கனக்கிறது. கொஞ்சம் நீர் கோத்துக்கொள்கிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வு திரும்ப வளர்வதால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் இப்படித்தான் இருக்கும், அப்புறம் தானாக அடங்கும். எனக்கும் அடங்கியது. வெறும் வயிற்றில் போடாமல் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுப் பார், குமட்டல் குறையும். மூன்று மாதம் கழித்தும் விடவில்லை என்றால் டாக்டர் அளவைக் கூட்டிக் குறைப்பார், இல்லை மருந்து வடிவத்தை மாற்றுவார். மாற்றுவதற்கு நிறைய வழி இருக்கிறது.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், இதுவரை வராத மாதிரி தலை பிளந்தால், கண் பார்வை மங்கினால், கண் மஞ்சளானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு.

உன் மாமியார், "ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டா கேன்சர் வருமாம்லடி" என்று சொன்னதாகச் சொன்னாய். அவர் உன் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொல்கிறார், கோபப்படாதே. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே சொல்லு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வில் ஹார்மோன் மருந்து கொடுத்த ஒரு பகுதியை, மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கப் பத்திரிகையில் அதுதான் தலைப்புச் செய்தி. டாக்டர்களே பயந்துபோய் மருந்து எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 வயதிலிருந்து 79 வயது வரையான பெண்கள், சராசரி வயது 63. கொடுத்தது குதிரை மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோனும். அதிலும் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது, 10,000 பேர் ஒரு வருஷம் சாப்பிட்டால் 8 பேருக்கு. உனக்கு வயது 36. உன் வயதுப் பெண்களுக்கெல்லாம் சினைப்பையிலிருந்து, அதாவது ஓவரியிலிருந்து, சுரக்கிற அதே ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன்தான் உன் மாத்திரையில் இருக்கிறது. இருக்க வேண்டியது இல்லாமல் போனதால் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தைராய்டு சுரக்காதவர்கள் தினம் காலையில் மாத்திரை போடுகிறார்களே, அவர்களை யாரும் "மருந்துக்கு அடிமையாயிட்டா" என்று சொல்வதில்லை.

எல்லோருக்கும் இந்த மருந்து ஆகும் என்றும் நான் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், ஈரல் கெட்டவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் விஷயம் வேறு. உனக்கு அதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் நீ அதிகம் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டித்தான் மாதவிலக்கு நிற்கிறது. உனக்குப் பத்து வருஷம் முந்திவிட்டது. இந்தப் பத்து வருஷமும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் எலும்பு கரையும், இதய ரத்தக் குழாய் சீக்கிரம் கெடும். இரண்டுமே சத்தம் போடாமல் நடக்கும், ஐம்பதில் தடுக்கி விழுந்து இடுப்பு உடையும்போதுதான் தெரியும். அதனால்தான் சுமார் 50 வயது வரைக்கும் இந்த மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வேண்டுமா வேண்டாமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி போடச் சொன்ன அந்த புரொஜெஸ்டிரோன் மாத்திரையைப் போட்டால் தலை சுற்றுகிறது என்று இரண்டு நாள் விட்டுவிட்டாயாமே. அதை மட்டும் விடவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். அதைக் கட்டுக்குள் வைத்து உதிர வைப்பதுதான் இந்த இரண்டாவது மாத்திரையின் வேலை. அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சவ்வு தடித்துக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரலாம். உன் மாமியாருடைய பயத்தில் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். மாதத்தில் 12 நாள் என்றால் 12 நாளும் போட வேண்டும். தலை சுற்றுவதும் தூக்கம் வருவதும் அந்த மருந்தின் குணம். பாத்திரம் கழுவி, கதவு சாத்தி, பாப்பாவைத் தூங்க வைத்து, எல்லா வேலையும் முடித்துப் படுக்கையில் உட்கார்ந்த பிறகு போடு. தூக்கம் கெட்டுப்போயிருக்கிற உனக்கு அது நல்லதே செய்யும். நாள்காட்டியில் ஆரம்பிக்கிற தேதியையும் முடிகிற தேதியையும் வட்டம் போட்டு வை.

அந்த 12 நாள் முடிந்து சில நாளில் தீட்டு வரும். பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறாய், அந்த நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நீ கவலைப்படுவது எனக்குத் தெரியும். அதற்காக நீயாக மாத்திரையைத் தள்ளிப்போடாதே. காப்புக் கட்டுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னாடியே டாக்டரிடம் தேதியைச் சொல்லு, அவரே முன்னே பின்னே நகர்த்தித் தருவார். கோயில் விஷயம் என்று கூச்சப்படாதே. தீட்டே வராத மாதிரி இரண்டு மருந்தையும் விடாமல் தினமும் சாப்பிடுகிற முறையும் உண்டு, அது உனக்குச் சரிப்படுமா என்றும் கேட்டு வை.

உனக்குத் திடீர் திடீரென்று உடம்பில் ஏறுகிற சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை மாதம் நம் ஊரில் யாருக்குத்தான் வேர்க்காது, அதனாலேயே உன்னை யாரும் நம்பவில்லை. போன கல்யாணத்தில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது உன்னைப் பார்த்தேன். மார்புக்குழியிலிருந்து கிளம்பிக் கழுத்து, காது மடல் என்று செவந்து ஏறியது. பிடரியில் வேர்வை திரண்டு ரவிக்கைக்குள் ஓடியது. கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாய். இரண்டு மூன்று நிமிஷத்தில் அதே உடம்பு சில்லிட்டு நடுங்கியது. வெயில் சூடு அப்படி வந்து போகாது. மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தடுமாறி, சும்மா இருக்கும்போதே சூடு ஏறிவிட்டதாக நினைத்து உடம்பைக் குளிர வைக்கப் பார்க்கிறது. மருந்து ஆரம்பித்துச் சில வாரத்தில் இது குறையத் தொடங்கும். மூன்று மாதத்துக்குப் பிறகும் குறையவில்லை என்றால் உனக்குக் கொடுத்த அளவு போதவில்லை என்று அர்த்தம். ஐம்பது வயதுக்காரிக்குப் போதுமான அளவு முப்பத்தாறு வயதுக்காரிக்குப் பல நேரம் போதாது. இதைத் தயங்காமல் கேள். அதுவரை விசேஷத்துக்குப் பட்டு வேண்டாம், கண்டாங்கிப் பருத்திச் சேலை கட்டிக்கொள். ராத்திரி மாடி அறையை விட்டுவிட்டு கீழே முற்றத்து வளவுப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாயை விரித்துப் படு.

மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்றால் தோலில் ஒட்டுகிற பேட்ச் இருக்கிறது, தடவுகிற ஜெல் இருக்கிறது. இவை ஈரல் வழியாகப் போகாததால் ரத்தம் கட்டுகிற ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. உடம்பு கனத்தவர்களுக்கும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள். பேட்சை இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நம் வீட்டு வழக்கத்தில் அது நிற்பது கஷ்டம். சீயக்காய் போட்டு எண்ணெய் போகக் குளித்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதிதாக ஒட்ட வேண்டும், பவுடர் போடக் கூடாது. எனக்கு எவ்வளவு செய்தும் வேர்வையில் உரிந்துவிட்டது, ஜெல்லுக்கு மாறினேன். ஜெல்லைத் தொடையிலோ மேல் கையிலோ தடவிக் காயவிட்டுக் கையைக் கழுவிவிட வேண்டும். மார்பில் தடவக் கூடாது. காய்வதற்குள் பாப்பா வந்து மேலே விழாமல் பார்த்துக்கொள், அந்த மருந்து அவள் தோலில் படக் கூடாது. காரைக்குடி மருந்துக் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். தீர்ந்த பிறகு ஓடாதே, பாதி இருக்கும்போதே சொல்லிவிடு.

நீ ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறாய். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்தால் தைராய்டு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது தைராய்டு அளவு சரியா என்று காட்டுகிற டிஎஸ்ஹெச்சையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லு. அசதி போகவில்லை என்கிறாயே, அதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஆத்தா உனக்கென்று உளுந்தங்களி கிண்டி அனுப்புகிறது. ஆசையாகச் சாப்பிடு. கேப்பையும் எள்ளும் சேர்த்துக்கொள், 100 கிராம் கேப்பையில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தினமும் நட, மாடிப்படி ஏறு. வைட்டமின் டி பார்த்துக்கொள். ஆனால் களியும் சோயாவும் தண்ணீர்விட்டான் கிழங்கும் ஓவரி செய்த வேலையைச் செய்யாது. "எதுக்கு இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்துலயே சரியாகும்" என்று சொல்கிறவர்கள் பத்து வருஷம் கழித்து உன் எலும்புக்குப் பொறுப்பேற்க வரப்போவதில்லை. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேனை ஒரு தடவை எடுத்துவிடு.

உன் வீட்டுக்காரரோடு படுப்பது வலிக்கிறது என்று நீ பாதியில் நிறுத்திவிட்டாய். வறட்சிதான் காரணம், அவர் மேல் உனக்கு அன்பு குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, அவரும் நினைக்க வேண்டாம். மாத்திரையிலேயே பாதி சரியாகும். போதவில்லை என்றால் உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் தருவார்கள், உடம்பு முழுக்க அதிகம் பரவாத மருந்து அது. இன்னொன்று, இந்த மாத்திரை கருத்தடை இல்லை. 40க்கு முன்னால் நின்றவர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேர் வரை தானாகவே உண்டாகிவிடுவது உண்டு, ஓவரி எப்போதாவது விழித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக வழி செய்ய வேண்டும். வேண்டும் என்று நீ மனசுக்குள் வைத்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லு. "அடுத்தது எப்ப?" என்று கேட்கிற வாய்களுக்கு நீ பதில் வைத்திருக்க வேண்டியதில்லை. பாப்பாவுக்குத் தம்பி பாப்பா இல்லையே என்று நீ அழுதால் அழு. அது நிஜமான துக்கம், மாத்திரை அதை ஆற்றாது. நம் பக்கத்தில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான், அது ஒரு குறை என்று யாரும் நினைத்ததில்லை. அந்த யோசனையும் இருக்கட்டும்.

எனக்கு 38இல் நின்றது, உனக்கு 35இல். அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் வந்திருப்பதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் பிடிபடுவதில்லை, ஆனால் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் குடும்பத்தில் இப்படி வரும். ரத்தத்தில் பார்த்துவிடலாம். பாப்பா வளர்ந்த பிறகு அவளுக்கு உபயோகப்படுகிற விவரம் அது.

ஒரு விஷயத்தில் எனக்கு ஆறவே இல்லை. கட்டி இருக்கிறது, உதிரம் அதிகம் போகிறது என்று முப்பதுகளிலேயே கர்ப்பப்பையோடு இரண்டு ஓவரியையும் எடுத்துவிட்டு, தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்ன எடுத்தார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. நம் தெருவிலேயே இப்படி ஒருவரைத் தெரியும். ஒரே ராத்திரியில் ஈஸ்ட்ரோஜன் நின்று, மூட்டு வலியும் தூக்கமின்மையுமாகத் தவித்தார். ஹார்மோன் பற்றி அவருக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மனசுல ஏதோ கவலை" என்று சொல்லி அனுப்பினார்களாம். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஆபரேஷன் ஆகியிருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஓவரி இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இல்லை என்றால் ஒரு மகப்பேறு டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள். கர்ப்பப்பையும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

சரி, அடுத்து டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டியது எந்தத் தேதி என்று சொல்லு. நீ புதுவயலிலிருந்து காலை பஸ்ஸில் காரைக்குடி வந்துவிடு, பாப்பாவை ஆத்தாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து போவோம். எந்தெந்த நாள் கசிந்தது, எத்தனை தடவை சூடு ஏறியது, எந்த நாள் மாத்திரை விட்டுப்போனது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வா. தைராய்டு ரிப்போர்ட்டையும் மறக்காதே. இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு.

உன் ஆச்சி
காரைக்குடி