படத்தில் இருந்தது வேறு பூனை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுப்பூனை வரலாற்றுக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் ‘காட்டுப்பூனையிலிருந்து வந்ததுதான் வீட்டுப்பூனை’ என்ற வரிக்குப் பக்கத்தில் போட்டிருந்த படம் தவறு. நெட்டைக் கால், குட்டை வால், காது நுனியில் சிறு மயிர்க்கொத்து. அது நம் கரும்புத் தோட்டங்களிலும் ஏரிக்கரைக் கோரைகளிலும் திரிகிற காட்டுப்பூனை. வீட்டுப்பூனை அதன் வழி வந்ததல்ல.

குழப்பம் பெயரால் வருகிறது. வீட்டுப்பூனையின் மூதாதையை விலங்கியலில் ஃபெலிஸ் லிபிகா என்பார்கள். ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இருக்கிறது. இந்தியாவில் ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. தமிழில் எழுதுகிறவர்கள் அதையும் ‘காட்டுப்பூனை’ என்றே எழுதிவிடுகிறார்கள். உடனே நம் மனதில் நிற்பது நம்மூர் விலங்குதான். இரண்டும் ஃபெலிஸ் பேரினம்தான், ஆனால் பிரிந்து ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. 2007-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில் 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். வீட்டுப்பூனைகள் லிபிகாவின் கிளையில்தான் போய்ச் சேர்ந்தன.

எகிப்தியர்தான் முதலில் பூனையோடு பழகினார்கள் என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்கு அருகிலேயே தனிக் குழியில் ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். எகிப்தியப் பிரமிடுகளை விட அது பல ஆயிரம் ஆண்டு பழையது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனமே இல்லை, அப்படியென்றால் யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும். தானியம் சேர்த்து வைத்த இடத்தில் எலி சேர்ந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. நாம் பிடித்து வந்து பழக்கியதை விட அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது என்பதே சரி.

பெயர்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் ஊரில் கரும்பு வெட்டும்போது தோகைக்குள் இரண்டு குட்டிகள் கிடந்தன. ‘பூனைக்குட்டிதானே, வளர்த்தால் பழகிவிடும்’ என்று ஒரு வீட்டில் எடுத்துப் போய்ப் பசும்பால் ஊற்றினார்கள். வயிற்றுப்போக்கு கண்டு ஒரு வாரத்துக்குள் இரண்டும் செத்தன. தாய்ப்பூனை மூன்று இரவு வயல் வரப்பில் கத்திக்கொண்டே அலைந்தது. வெட்டாத ஓரத்தில் குட்டிகளை வைத்துவிட்டு ஆட்கள் தள்ளிப் போயிருந்தால், இருட்டியதும் அதுவே வந்து கவ்விக்கொண்டு போயிருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் விலங்கு அது என்பதும் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே, கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் இரண்டு பூனைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். குட்டிகளைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்