பானையை ஏற்றுவது மட்டும் பாட்டி

ராமத் கான், இஸ்ரேல்,
வியாழன் ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே. நான் நன்றாக இருக்கிறேன். சைரனைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது, அதனால் அம்மாவுக்குத் தைரியமாகப் படித்துக் காட்டலாம். அந்த வீட்டில் உனக்குச் சோறு கிடைக்கிறதா, இல்லை ரொட்டியைத் தின்றே காலம் தள்ளுகிறாயா என்று கேட்டாயே, அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. பாட்டி தூங்கிவிட்டார், உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோறு கிடைக்கிறது அக்கா, தாராளமாகவே. நான் பார்த்துக்கொள்கிற பாட்டி பாக்தாத்தில் பிறந்தவர். 1950, 51ல் ஈராக்கிலிருந்து சுமார் 1,20,000 யூதர்களை விமானம் விமானமாக இங்கே கொண்டுவந்தார்கள், அதில் சின்னப் பெண்ணாக வந்து இறங்கியவர். அங்கே இருந்த சொத்தை அரசாங்கம் முடக்கிவிட்டது, இங்கே வந்தால் கூடாரம், மண்ணெண்ணெய்த் திரி அடுப்பு, ரேஷன். சோற்றில் வளர்ந்த ஜனத்துக்கு அரிசி கிடைப்பதே பெரும்பாடு. அதற்கு மாற்றாகக் கோதுமை மாவை அரிசி அளவுக்கு அச்சில் பிழிந்து வறுத்து ப்தித்தீம் என்று ஒன்றை விற்றார்கள், அப்போதைய பிரதமர் பெயரை வைத்து பென்குரியன் அரிசி என்று ஜனங்கள் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் கடையில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் ஆசையாகத் தின்கிறார்கள். பாட்டி மட்டும் அந்தப் பாக்கெட்டை வீட்டுக்குள் விடமாட்டார்.

சமையலறையில் எல்லாமே இரண்டு. பாலுக்கு ஒரு தொட்டி, கறிக்கு ஒரு தொட்டி, தட்டு, கத்தி, பாத்திரம் தேய்க்கிற பஞ்சுகூடத் தனித்தனி. ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்று யாத்திராகமத்தில் வருமே, நாம் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம், இவர்கள் அந்த ஒரு வரியை வைத்து ஒரு வீட்டையே கட்டியிருக்கிறார்கள். மத்தியானம் கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரத்துக்குப் பாலைத் தொடமாட்டார்கள். அதனால் சாயங்காலம் பால் டீ இல்லை, ஏலக்காய் போட்ட கடும் டீதான், சின்னக் கண்ணாடி டம்ளரில். எனக்குத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து நான் மட்டும் பால் டீ குடிப்பது என்னவோ மாதிரி இருக்கும், விட்டுவிட்டேன்.

வந்த புதிதில் ஒரு விஷயம் என்னைச் சுட்டது. பாட்டிக்குக் கை நடுக்கம், அதனால் அரிசி கழுவுவது, காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் நான்தான். ஆனால் பானையை அடுப்பில் ஏற்றுவது மட்டும் அவர்தான். யூதர் அல்லாதவர் முழுக்கத் தானே சமைத்ததை இவர்கள் சாப்பிடக் கூடாது. ஈராக் பக்கத்து ஆட்களுக்குப் பானை ஏற்றுவதிலோ கிளறுவதிலோ அவர்கள் கை பட்டே ஆகவேண்டும். போலந்து, ரஷ்யா பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாலே போதும், மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு என் மனதில் என்ன ஓடியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தனி டம்ளர் வைத்த கடையை நீயும் பார்த்தவள்தானே. ஆனால் இது அது இல்லை. நான் கையால் பிசைந்தது, உருட்டியது, நறுக்கியது எல்லாவற்றையும் சாப்பிடுகிறார், ஒரே மேசையில் எனக்குத்தான் முதலில் பரிமாறுகிறார். நெருப்பு மட்டும்தான் விஷயம். வேற்று ஜனத்தோடு நெருங்கிப் பழகிச் சம்பந்தம் கலந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் போட்ட வேலி என்று பாட்டியின் மகன் சொன்னார். எனக்கு அது முழுசாகச் செரித்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஒயினிலும் இப்படி ஒன்று உண்டு, சாதாரண ஒயினைத் திறந்த பிறகு நான் தொட்டால் அவர்களுக்கு ஆகாது, காய்ச்சிய ஒயின் என்றால் பரவாயில்லை. நான் வந்த பிறகு மகன் காய்ச்சியதை மட்டும்தான் வாங்குகிறார், ஏன் என்று என்னிடம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நீ பார்க்கவேண்டும். பொழுது சாய்ந்தால் இவர்களுக்கு ஓய்வுநாள், சனிக்கிழமை இருட்டும்வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஆனால் சனிக்கிழமை மத்தியானம் சூடான சாப்பாடு வேண்டும். அதற்காக உண்டானதுதான் த்பீத். முழுக் கோழி, வயிற்றுக்குள் அரிசியும் ஈரலும் தக்காளியும் மசாலாவும் (பட்டை, கிராம்பு, ஏலக்காய், கொஞ்சம் மஞ்சள்) திணித்து ஊசிநூலால் தைத்து, வெங்காயத்தோடு எண்ணெயில் நிறம் மாற விட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் சுற்றிலும் அரிசி போட வேண்டும். தைப்பது என் வேலை, நர்சிங் படித்தது வீண்போகவில்லை. அப்புறம் பானையை நான் அடியில் தாங்கிக்கொள்ள, பாட்டி இரண்டு காதையும் பிடித்து, மூச்சை இழுத்து, ஏற்றுவார். வாரமெல்லாம் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறவர் அந்த நேரம் உப்புப் போட்டாயா, மூடி சரியாக இருக்கிறதா என்று என்னை அதட்டுவார். இருட்டுவதற்குள் அது முன்பே போட்டுவைத்த மின்சாரச் சூட்டுத் தட்டுக்கு மாறிவிடும், மேலே முட்டைகளை ஓட்டோடு வைத்துத் துணி போர்த்திவிட்டால் ராத்திரி முழுக்க வீடே ஏலக்காய் மணக்கும். காலையில் முட்டை ஓட்டுக்குள்ளேயே பழுப்பாகியிருக்கும். அடிப்பிடித்த சோற்றுக்குத்தான் பேரன்மார் சண்டை, ஒருத்தன் ராணுவத்திலிருந்து லீவில் வந்தால் அவனுக்குத்தான் முதல் பங்கு.

அந்தப் பழுப்பு முட்டையை, முந்தின நாளே பொரித்து வைத்த கத்தரிக்காயோடு, சாலடும் எள் விழுதும் சேர்த்து ரொட்டிக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுவார்கள். இதையே ஈராக்கிலிருந்து வந்த சபீஹ் என்பவர் 1961ல் இதே ராமத் கானில் சின்னக் கடை போட்டு விற்க, இன்று நாடெங்கும் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதன் மேல் மஞ்சளாக ஒன்றை ஊற்றுவார்கள். அம்பா, மாங்காய் ஊறுகாய்தான்! வெந்தயம், மஞ்சள், உப்பு, புளிப்பு. பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாகப் போன சரக்கு என்கிறார்கள். பாட்டி என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெயே இல்லாத ஊறுகாய், அம்மா போடுகிறதுக்குப் பக்கத்தில்கூட வராது. நன்றாக இருக்கிறது என்றேன்.

உனக்குப் பிடிக்கப்போவது கூபே. ரவையைப் பிசைந்து, ஈரக் கையில் தட்டி, கொத்துக்கறியும் வெங்காயமும் கீரையும் வைத்து மூடி உருட்டுவது, நம் கொழுக்கட்டைதான், ஆவியில் வைக்காமல் கொதிக்கிற குழம்பில் போடுகிறார்கள். பீட்ரூட் குழம்பில் ஒரு வகை, எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுப் புளிப்பும் இனிப்புமாக. வெண்டைக்காயும் தக்காளியும் போட்டு இன்னொரு வகை, அதைத்தான் நீ செய்து பார்க்கவேண்டும். பிஞ்சு வெண்டைக்காயாக எடு, காம்பை மட்டும் சீவு, உள்ளே திறந்துவிடக் கூடாது, இல்லாவிட்டால் கொழகொழத்துவிடும். ஓடு மெல்லிசாக இருக்கவேண்டும், பாட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தடியாக இருந்தால் பிரித்து என் கையிலேயே திருப்பித் தருவார்.

மருமகள் வீட்டார் போலந்துக்காரர்கள். புளித்த மாவு ஆகாத பஸ்கா பண்டிகை வந்தால் ஈராக்காரர்கள் அரிசி சாப்பிடுவார்கள், ஆனால் ஒரு கோதுமை மணிகூட இருக்கக் கூடாது என்று மூன்று தடவை பொறுக்கிய பிறகு. சம்பந்தியம்மா அந்த எட்டு நாளும்... இல்லை, இந்த நாட்டில் ஏழு நாள்தான், அரிசியைத் தொடவே மாட்டார். அவர் கொண்டுவருவது கெஃபில்தே, மீனை அரைத்து உருண்டை பிடித்து வேகவைத்து, அதில் சர்க்கரை! மேலே ஒரு வட்டம் காரட். பாட்டி மரியாதைக்கு ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு, மீதியை மேசைக்கடியில் என் தட்டுக்குத் தள்ளிவிடுவார்.

கருவாடு அனுப்புகிறேன் என்றாயே, வேண்டவே வேண்டாம். செதிலும் துடுப்பும் இல்லாத மீன் ஆகாது, அதனால் சுறாவும் இறாலும் நண்டும் இந்த வாசலைத் தாண்டாது. ஆசை தாங்காவிட்டால் லீவு நாளில் தோழி அறைக்குப் போய்ச் சமைத்துக்கொள்கிறேன். மசாலாப் பொடியும் வேண்டாம், கோஷர், அதாவது அவர்கள் மத விதிப்படி சாப்பிடலாம் என்கிற முத்திரை இல்லாத பாக்கெட்டை இந்த அலமாரியில் வைக்க முடியாது. பணம் அடுத்த வாரம் வந்துவிடும், முதலில் அம்மாவின் கண்ணாடியை மாற்று. வெண்டைக்காய் கூபே எப்படி வந்தது என்று எழுது, பாட்டி கேட்பார்.

உன் அன்புத் தங்கை